முதல் பருவத்தின் பதின்மூன்று வாரங்கள்: பல்கலைக்கழக மாணவர்கள் படிப்புப் பழக்கத்தை ஊன்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் நன்றாகப் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்திலேயே தடுமாறுவதைச் சிங்கப்பூரில் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். அறிவு மங்கிவிட்டதோ என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் ஆவதில்லை. காலைக் கூட்டம், வருகைப்பதிவு, அடிக்கடி வரும் சிறு தேர்வுகள், பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பு, மாலையில் துணைப்பாட ஆசிரியர், இரவில் "படிச்சு முடிச்சிட்டியா?" என்று கேட்கும் அம்மா என, அதுவரை அந்தப் பிள்ளையின் நேரத்தை வேறு பலர் பார்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நாளில் விலகிக்கொள்கிறார்கள். பெரிய விரிவுரை அரங்கில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

எவ்வளவு நேரம் மாணவரின் சொந்தப் பொறுப்புக்கு வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, பாடச்சுமையை அளக்கும் ஓர் அலகுக்கு வாரத்தில் இரண்டரை மணி நேர உழைப்பு தேவை. வழக்கமான ஒரு பாடத்துக்கு 4 அலகுகள், அதாவது 10 மணி நேரம். ஒரு பருவத்தில் ஐந்து பாடங்கள் எடுத்தால் வாரத்துக்கு 50 மணி நேரம். ஒரு பாடத்துக்கு விரிவுரையும் பயிற்சி வகுப்பும் சேர்ந்து மூன்று, நான்கு மணி நேரந்தான் பெரும்பாலும் கால அட்டவணையில் தெரியும். எஞ்சிய முப்பது மணி நேரம் எந்த அட்டவணையிலும் இல்லை. அதை நிரப்ப மன உறுதியை மட்டும் நம்பினால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. பழக்கம் ஒன்றுதான் அதைத் தூக்கி நிறுத்தும்.

பழக்கத்துக்கும் காலம் வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டு, ஆளுக்கு ஒரு புதிய செயலைத் தினமும் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்வதை அதனால் ஓரமாக வைத்துவிடலாம்.

இந்த 66 நாளைப் பருவ நாள்காட்டியின்மேல் வைத்துப் பாருங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரப் பாடம், ஒரு வார இடைவேளை, மீண்டும் ஏழு வாரப் பாடம், ஒரு வாரப் படிப்பு விடுமுறை, அதன்பின் இரண்டு வாரத் தேர்வு என்று பருவம் ஓடுகிறது. முதல் வாரத் திங்கட்கிழமை தொடங்கிய பழக்கம் ஒன்பதாம் பாட வாரத்தில் ஊன்றிவிடும். "இடைவேளை முடியட்டும், அப்புறம் ஒழுங்காகத் தொடங்குகிறேன்" என்பவருக்கு அதே பழக்கம் தேர்வு முடிகிற நேரத்தில்தான் கைவரும். ஆகவே கீழுள்ள படிகளில் முதல் மூன்றையும் முதலிரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும். மற்றவை சற்றுப் பிந்தினாலும் பெரிய இழப்பில்லை.

முதல் படி: பருவம் முழுவதையும் ஒரே தாளில் பார்ப்பது

ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வாரத்திலேயே பாடத்திட்டக் குறிப்பு தரப்படும். இடைத்தேர்வு, கட்டுரை, குழுப்பணி, வகுப்பில் பேசிக் காட்டும் படைப்பு எந்த வாரத்தில், எத்தனை விழுக்காடு என்பது அதில் இருக்கும். மாணவர்கள் இதை ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஐந்து பாடங்களின் தேதிகளையும் ஒரே ஏ4 தாளில், வாரத்துக்கு ஒரு வரியாக எழுதும்போதுதான் ஆறு, ஏழாம் வாரங்களிலும் பன்னிரண்டு, பதின்மூன்றாம் வாரங்களிலும் எல்லாம் வந்து குவிவது கண்ணில் படும். தொலைபேசி நாள்காட்டியிலும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் சுவரில் ஒட்டிய தாளை வீட்டில் உள்ளவர்களும் பார்ப்பார்கள் என்பது ஒரு கூடுதல் வசதி.

நம் வீட்டு நாள்களையும் அதே தாளில் எழுத வேண்டும். தீபாவளி பெரும்பாலும் முதல் பருவத்தின் ஒன்பதாம் வாரத்துக்கும் பதின்மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வந்து விழுகிறது. பலகாரம் சுடுவது, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போவது, உறவினர் வருகை என்று அது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. பொங்கல் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தையொட்டி வரும். தைப்பூசம் 1968க்குப் பிறகு இங்கே பொது விடுமுறையாக இல்லாததால், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து நடந்தவர்களுக்கும் அன்று வகுப்பு உண்டு. இவற்றை முன்கூட்டியே குறித்தவர் அதற்கு முந்தைய வாரத்தில் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகக் கொண்டாடுகிறார். குறிக்காதவர் பலகாரத் தட்டுக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்.

இரண்டாம் படி: ஒரு சின்னச் செயலை ஒரு நேரத்தோடும் இடத்தோடும் கட்டுவது

"இந்தப் பருவம் நன்றாகப் படிப்பேன்" என்பது விருப்பம். "செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணி விரிவுரை முடிந்ததும், சாப்பிடப் போவதற்கு முன், நூலகத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து, கேட்டதை நினைவிலிருந்து எழுதுவேன்" என்பது திட்டம். இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்பே முடிவெடுத்து வைப்பவர்கள் அதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அந்த நொடியில் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையில்லாமல் போவதே இதன் பலம்.

எந்த நேரத்தோடு கட்டுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். எப்படியும் நடந்தே தீரும் ஒன்றோடு கட்டுங்கள்: விரிவுரை முடிவது, ரயில் ஏறுவது, இரவுச் சாப்பாடு. பொங்கோலில் குடியிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர் வடகிழக்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வரை வந்து, அங்கே கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி, பயனியரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் புதிய பாடத்தைப் படிப்பது நடக்காத காரியம்; கூட்டத்தில் நின்றுகொண்டு நாற்பது பக்கக் கட்டுரையை யார் படிப்பது? ஆனால் நேற்றைய பாடத்திலிருந்து ஐந்து கேள்விகளைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள நின்றுகொண்டே முடியும். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி ஏறியதும் கேள்வி நேரம் என்று வைத்துக்கொண்டால், அந்த நிலையமே நினைவூட்டும்.

ஒரே நாளில் ஐந்து பழக்கங்களைத் தொடங்கக் கூடாது. முதல் வாரத்தில் ஒன்று; அது நடக்கிறது என்று தெரிந்த பிறகு, மூன்றாம் வாரத்தில் இரண்டாவது. இருபது நிமிடம் மிகக் குறைவாகத் தோன்றினால் அது நல்ல அறிகுறி.

மூன்றாம் படி: திரும்பப் படிப்பதை விட்டு, நினைவிலிருந்து எடுப்பதற்கு மாறுவது

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் படிப்பது என்று சொல்வது, விரிவுரைப் படவில்லைகளை மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, முக்கியமானதாகத் தோன்றும் வரிகளில் மஞ்சள் மை பூசுவதைத்தான். 2013இல் உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் நான்கு ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் நின்றன. தம்மைத்தாமே சோதிப்பதும், படிப்பை நாள்கணக்கில் பரப்பி வைப்பதும் மட்டுமே மிகுந்த பயனுள்ளவை என்று தேறின.

இதன் காரணத்தை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனை தெளிவாக்குகிறது. கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி தரப்பட்டது. ஒரு சாரார் அதை இருமுறை படித்தார்கள். மறுசாரார் ஒருமுறை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காட்டுக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்குத் தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடு தங்கியிருந்தது, திரும்பப் படித்தவர்களிடம் 42. முந்தைய இரவு திரும்பப் படித்துவிட்டு "எல்லாம் தெரிகிறது" என்று தூங்கப் போகிறவரை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடத் தெளிவுதான். தேர்வோ பல வாரம் கழித்து வருகிறது.

செய்யும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பொருளியல் முதலாண்டு மாணவி ஒருவர் தேவையின் விலை நெகிழ்ச்சி பற்றிய விரிவுரையைக் கேட்டுவிட்டு வருகிறார். மடிக்கணினியைத் திறக்காமல் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, கறுப்பு மையில் எழுதத் தொடங்குகிறார். தேவை மாறும் விழுக்காட்டுக்கும் விலை மாறும் விழுக்காட்டுக்கும் உள்ள விகிதம் என்ற விளக்கம் வந்துவிடுகிறது. நெகிழ்ச்சி குறைவான பொருளுக்கு விலையை ஏற்றினால் வருவாய் கூடும் என்பதும் வருகிறது. ஆனால் நேர்கோடாகப் போகும் தேவைக்கோட்டில் சரிவு மாறாமல் இருக்க, நெகிழ்ச்சி மட்டும் புள்ளிக்குப் புள்ளி ஏன் மாறுகிறது என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. வரைபடத்தைப் பாதி வரைந்து விட்டுவிடுகிறார். இப்போதுதான் படவில்லைகளைத் திறக்க வேண்டும். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்ப வேண்டும். அந்தச் சிவப்பு இடங்கள் ஒவ்வொன்றையும் தாளின் பின்புறத்தில் ஒரு கேள்வியாக எழுதி, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, இடைவேளை வாரத்தில் ஒரு முறை பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். கறுப்பில் வந்ததைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. முதல் சில முறை தாளில் சிவப்பே அதிகம் இருக்கும். மனம் சோர வேண்டாம், பலன் தருவது அந்தத் திணறல்தான்.

கணிதமும் பொறியியலும் படிப்பவர்கள் இதையே வேறுவிதமாகச் செய்யலாம். தீர்த்துக் காட்டிய கணக்கின் விடையை மூடி வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து தாமே போட்டுப் பார்ப்பது அவர்களுக்கான வெற்றுத்தாள். பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை வைத்து ஓ நிலை, ஏ நிலைத் தேர்வுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களுக்குப் பெரும்பாலும் விடைக்குறிப்பு கிடைக்காது. அதனால் இரண்டு, மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு சந்தித்து ஒப்பிட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து சேர்ந்தே போட்டால், ஒருவர் போட மற்றவர் தலையாட்டுவதில் முடியும்.

இரண்டு பொறிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பதிவு செய்த விரிவுரை இருக்கிறது, பிறகு இருமடங்கு வேகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதலாவது. பிறகு என்பது பதினோராம் வாரமாகும்போது பதினைந்து பதிவுகள் வரிசையில் நிற்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கம் எழுதித் தரச் சொல்லி அதைப் படிப்பது இரண்டாவது. அதுவும் மெருகேற்றிய திரும்பப் படித்தலே. அதே செயலியிடம் "இந்தப் பாடத்திலிருந்து பத்துக் கேள்வி கேள், விடையை நான் சொன்ன பிறகு சொல்" என்று கேட்டால் நல்ல பயிற்சித் துணையாகிவிடும். விடையைப் பாடக்குறிப்போடு ஒத்துப் பார்ப்பது மட்டும் கட்டாயம்.

நான்காம் படி: பயிற்சி வகுப்புக்கு முந்தைய மாலை

பயிற்சி வகுப்பில் விடை சொல்லும்போது எழுதிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போவது பெரிய இழப்பு. முந்தைய மாலை நாற்பது நிமிடம் முயன்று, எங்கே தடைபட்டது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனால், அந்த ஒரு மணி நேரம் உங்கள் ஐயத்தைத் தீர்க்கும் நேரமாக மாறும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தைப் போல வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண் தரும் இடங்களில், எழுதி வைத்த அந்த ஒரு வரியைக் கேள்வியாகக் கேட்டாலே தயக்கம் பாதி குறையும். விரிவுரையாளர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம் பல வாரங்களில் ஆளில்லாமல் கழிகிறது. இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு கூட்டத்தோடு போவதைவிட, நான்காம் வாரத்தில் ஒரு கேள்வியோடு தனியாகப் போவது நல்லது.

ஐந்தாம் படி: இடமும் வீடும்

மூன்றறை, நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனி அறை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தம்பியோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் படிப்பவர், ஆழ்ந்து செய்ய வேண்டிய வேலையை வளாகத்திலேயே முடித்துவிட்டு வருவது மேல். வட்டார நூலகமும் சில சமூக மன்றங்களின் படிப்பு அறைகளும் அடுத்த வழி. தேர்வு நெருங்கும்போது அங்கே மெல்லிழைத்தாள் பொட்டலத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் வைத்து "சோப்" செய்துவிட்டு, அதாவது இடம் பிடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் காணாமல் போகிறவர்களைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தொலைபேசியைக் குப்புற வைப்பது போதாது. பைக்குள், பை வேறு நாற்காலியில்.

வீட்டில் சொல்லி வைப்பதும் ஒரு படிதான். "அம்மா, எட்டரை வரைக்கும் கூப்பிடாதீங்க, அப்புறம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று நேரம் குறித்துச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் ஒத்துக்கொள்வார்கள். கதவைச் சாத்திக்கொள்வதால்தான் சண்டை வருகிறது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எத்தனை மார்க்?" என்ற கேள்வி மாணவரால் இன்று மாற்ற முடியாத ஒன்றைப் பற்றியது. "இன்னைக்கு வெற்றுத்தாள் எழுதினியா?" என்று கேளுங்கள், அல்லது, "அந்த நெகிழ்ச்சியை எனக்குச் சொல்லு, கேட்போம்" என்று எதிரில் உட்காருங்கள். பல்கலைக்கழகம் போகாத தந்தைக்குப் புரியும்படி தமிழில் விளக்கிச் சொல்ல வந்துவிட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

ஆறாம் படி: உறக்கமும் பகுதிநேர வேலையும்

உறக்கத்தைக் குறைத்து நேரம் சேர்ப்பது வீண். அன்று படித்தது நினைவில் ஊன்றுவதில் உறக்கத்துக்குப் பங்கு உண்டு. இளையோருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது. துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பவர்கள் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உட்லண்ட்ஸில் ஒன்றரை மணி நேர வகுப்பு என்பது வளாகத்திலிருந்து போய்வரும் நேரத்தோடு ஒரு மாலை முழுவதும். வாரத்துக்கு இரண்டு மாலைகளுக்கு மேல் போனால் அந்த 50 மணி நேரத்தில் துண்டு விழும். முழுநேர வேலை பார்த்துக்கொண்டு சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாலையில் படிப்பவர்கள் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, அதிகாலை அரைமணி நேரத்தை வெற்றுத்தாளுக்கு ஒதுக்கலாம். அலுவலகம் முடிந்த களைப்பில் புதிதாக எதையும் நினைவிலிருந்து எடுப்பது கடினம்.

ஏழாம் படி: ஞாயிறு மாலைக் கணக்கு

வாரம் ஒருமுறை அரைமணி நேரம், அந்த ஏ4 தாளின் முன் உட்கார வேண்டும். கடந்த வாரம் எந்த விரிவுரைக்கு வெற்றுத்தாள் எழுதவில்லை? வரும் வாரம் எது கெடு? எந்த மாலை ஏற்கெனவே போய்விட்டது? இந்த மூன்றுக்கும் விடை எழுதினால் போதும். வண்ண வண்ணக் குறிப்பேடுகளும் செயலிகளும் வாங்கி அலங்கரிப்பது பெரும்பாலும் படிப்பைத் தள்ளிப்போடும் இன்னொரு வழியாகவே முடிகிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். லாலியின் ஆய்வில் ஒரு முறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரே பழக்கம் இரண்டு வாரம் தொடர்ந்து நடக்கவில்லை என்றால் மட்டும், மாணவரை விட்டுவிட்டுத் திட்டத்தைக் குறை சொல்லுங்கள்: நேரம் தவறாக இருக்கலாம், இடம் இரைச்சலாக இருக்கலாம், அளவு பெரிதாக இருக்கலாம். இருபது நிமிடத்தைப் பத்தாக்குங்கள், செவ்வாயைப் புதனாக்குங்கள்.

தனிக் கவனம் வேண்டிய இருவர்

தேசிய சேவை முடித்து வருபவர்கள் இரண்டாண்டு இடைவெளிக்குப் பிறகு பேனா பிடிக்கிறார்கள். வகைநுண்கணிதமும் கட்டுரை அமைப்பும் மறந்திருப்பது இயல்பு. சேவை முடிந்தபின் ஆகஸ்ட் வருவதற்குள் சில வாரம் கிடைத்தால், தினமும் இரண்டு கணக்காவது போட்டுக் கையைப் பழக்குங்கள். ஒழுங்கும் அதிகாலை எழும் வழக்கமும் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அந்த அதிகாலை முகாமோடு போய்விடாமல், படிப்பு நேரமாகத் தக்கவைத்துக்கொள்வதே அவர்களுக்கான முதல் பழக்கம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்கள் குழுப்பணியிலும் படைப்பிலும் தேர்ந்தவர்கள். ஆனால் அங்கே மதிப்பெண் பருவம் முழுவதும் சிறுசிறு பணிகளாகப் பரவியிருக்கும். இங்கே சில பாடங்களில் பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் ஒரே இறுதித் தேர்வில் இருக்கும். அந்தப் பாடங்களை முதல் வாரத்திலேயே தாளில் வட்டமிட்டு, மூன்றாம் படியை அவற்றில் தொடங்க வேண்டும்.

படிப்பு விடுமுறை வாரத்தைப் புதிதாகப் படிக்கும் வாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பருவம் முழுவதும் சேர்ந்த தாள்களின் பின்புறக் கேள்விகளைக் கலைத்துப் போட்டு, பாடத்துக்கு ஒரு நாள் வீதம் விடை சொல்லிப் பார்ப்பதும், ஒரு பழைய வினாத்தாளையாவது கடிகாரம் வைத்து முழுமையாக எழுதுவதும் அந்த வாரத்தின் வேலை. டிசம்பரில் முடிவு வந்த பிறகு, அந்தத் தாள்களையும் மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடத்துக்குத் தாள் எழுதவில்லை என்று மட்டும் பாருங்கள். ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் பருவத்தின் முதல் வாரத்துக்கு எந்தப் பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அதிலேயே தெரியும்.